பதினைந்து கிலோவுக்குள்

பையைக் கொக்கியில் மாட்டித் தூக்கியதும் தராசு இரண்டு தடவை கீச்சிட்டுப் பதினாறு கிலோ முன்னூறு என்று காட்டியது. மிதுனும் இரண்டு தடவை கீச்சிட்டான், பழக்க தோஷம், தராசுக்கே தன் குரல்தானா என்று சந்தேகம் வரும்படி. ஒன்று முன்னூறு அதிகம். பையை மறுபடி கட்டிலில் போட்டான். சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. ஜன்னலுக்கு வெளியே உடுமலைப்பேட்டைக் காற்று தென்னை ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, கீழே பெரியம்மா பருப்புப்பொடிக்கு வறுக்கிற வாசனை மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது, ஆறு மணிக்குள் பையைக் கட்டித் தராசில் தொங்கவிட்டு எண் தெரிகிற மாதிரி படம் எடுத்துக் குழுவில் போட்டாக வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முந்தி இந்த ஒத்திகை நடந்தே தீர வேண்டும் என்பது பயண ஏற்பாட்டாளர் வரதராஜன் சாரின் சட்டம். ஆக்சுவலா சார், நைரோபியிலேர்ந்து மாரா காட்டுக்குப் போறது குட்டி விமானம், பை மெத்துனு இருக்கணும், சக்கரம் கூடாது, பதினஞ்சுன்னா பதினஞ்சு, கேமராவும் அதுக்குள்ளதான், ஆக்சுவலா நாம ஏழே பேர், ஏழு பேரும் ஒரே ஜீப், பாத்துக்கலாம் சார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் லேசாக மூக்கை உறிஞ்சுவார். அந்த உறிஞ்சலைப் பிடிக்க மிதுனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. குரல் சுலபம், குரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிற அழுக்குதான் கஷ்டம்: கெமிஸ்ட்ரி சாரின் அடக்கிய ஏப்பம், பழனி பஸ் கண்டக்டர் சில்லறை தேடும்போது விடுகிற பெருமூச்சு, அப்பா பொய் சொல்வதற்கு முன்னால் பல்லிடுக்கில் ஸ்ஸ் என்று காற்றை இழுப்பது. வீட்டில் எல்லாரையும் பிடித்தாயிற்று. பதினேழு வயதில் அவனிடம் அறுபது எழுபது ஆட்கள் இருந்தார்கள், கூப்பிட்டால் வருவார்கள், சில நாட்களில் கூப்பிடாமலும் வந்தார்கள். இப்போது வரதராஜன் சார் கூப்பிடாமல் வந்திருந்தார். கறுப்பு வேண்டாம் சார், கருநீலம் வேண்டாம், ஈ தேடி வந்து கடிக்கும். மிதுனுடைய நாலு பனியனில் மூன்று கறுப்பு. அவற்றை ஓரமாகத் தள்ளினான். மீதி எல்லாம் பெரியப்பாவுடையது. பையே பெரியப்பாவுடையது, புதுசு எதுக்குடா வாங்கிக்கிட்டு, அண்ணன் பையையே எடுத்துக்க என்று அப்பா சொல்லிவிட்டார், சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. காக்கி நிறத்தில் ஓர் ஆட்டுக்குட்டி அளவு பை, பெரியப்பா அதை இரண்டு மாதத்தில் ஆறு தடவை கட்டிப் பிரித்துக் கட்டியிருந்தார், அதனால் அதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன: நான்கு காக்கிச் சட்டை, கயிறு வைத்த தொப்பி, குரங்குக் குல்லாய், சிங்கம் பார்க்கத் தூரப்பார்வைக் கண்ணாடி, பாலித்தீன் அந்த நாட்டுக்குள்ளேயே போகக் கூடாது என்பதால் துணி முடிச்சுகளில் எள்ளுப்பொடியும் கொள்ளுப்பொடியும், அடியில் இரண்டு வேட்டி. சிங்கத்துக்கு முன்னால் யார் வேட்டி கட்டுவார்கள் என்று அப்பா கேட்டதற்கு, ஜிப்பு வெச்ச துணிக்குள்ள எவன் தூங்குவான் என்று பெரியப்பா கேட்டார். ஆனைமலை அடிவாரத்துல இருந்துக்கிட்டு ஆனை பாக்க ஆப்பிரிக்காவா என்று பெரியப்பாவின் தீவன மில்லில் எல்லாரும் சிரித்தபோது, இங்க அது நம்மளப் பாக்க வருது, ஒருவாட்டி நாம போயிப் பாக்கறதுதான மரியாதை என்றார். அந்த வேட்டியில் ஒன்றை மிதுன் வெளியே எடுத்தான். எடுத்ததும் பை சொன்னது, நான் எடுக்கச் சொன்னனா, உங்கிட்ட நான் எடுக்கச் சொன்னனா, பெரியப்பா குரலில், சோகமாக எதுவுமில்லை, சும்மா ஒரு விசாரிப்பு மாதிரி. வேட்டியைத் திரும்ப உள்ளே வைத்தான்.

எல்லாம் ஏழாவது சீட்டால் வந்தது. பெரியப்பாவோடு காலையில் மைதானத்தில் நடக்கிற சிநேகிதர்கள் ஐந்து பேர், அப்பா, பெரியப்பா, ஜீப் நிறைந்துவிட்டது. பெரியம்மாவுக்குச் சிங்கத்தை டிவியில் பார்த்தால் போதும். ப்ளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்த மிதுன், ஜீப்பின் கூரையிலாவது கட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான், எல்லாரும் சிரித்தார்கள், அவன் கெஞ்சினாலும் மிமிக்ரி மாதிரித்தான் இருக்கிறது என்றார்கள். ஏப்ரல் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரீசார்ஜ் கடையில் சும்மா கொடுத்த சிம் ஒன்று பழைய போனில் கிடந்தது. திட்டம் என்று எதுவும் இல்லை, அதை அவன் ஆயிரம் தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாயிற்று, திட்டம் எதுவுமே இல்லை, மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவன் பெரியப்பாவுக்குப் போன் போட்டான், அவ்வளவுதான். வணக்கம் சார், வரதராஜன், ஆபீஸ் நம்பர்லேர்ந்து பேசறேன். ஆக்சுவலா அறுபது தாண்டினவங்களுக்கு ஒரு சின்ன பார்மாலிட்டி சார், டாக்டர் சர்டிபிகேட். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் தெருமுனை டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தான், கீழே முற்றத்தில் பெரியப்பா வெற்றுடம்போடு நின்று, ஒரு கையில் போனும் இன்னொரு கை தொப்பைமேலுமாக, வாத்தியார் முன் நிற்கிற பையன் மாதிரி உம் கொட்டிக்கொண்டிருந்தார், தொப்பை வெயிலில் குடம் மாதிரி பளபளத்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது: அப்புறம் சார், ஆக்சுவலா உங்களுக்கு வயிறு கொஞ்சம் முன்னால இருக்கு, குட்டி விமானம், எடை எங்க உக்காருதுன்னு பைலட்டுக்குத் தெரியணும், வயித்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்து அனுப்பிடுங்க. ஒரு உறிஞ்சல். பெரியப்பா வயிற்றைக் குனிந்து பார்த்தார். எடுத்துரலாமுங்க, இன்னைக்கேவா நாளைக்குங்களா என்றார். மிதுன் ஈரத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான். ராத்திரிச் சாப்பாட்டில் போட்டு உடைத்து எல்லாரையும் சிரிக்க வைக்கலாம் என்று வைத்திருந்தான், அன்றைக்குப் பார்த்து யாரோ கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தார்கள், பேச்சு எங்கோ போயிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு பெரியப்பா ஸ்கூட்டரை எடுத்தார். மிதுன் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை இருந்தது. துப்பிவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம். பெரியப்பா கேட்டைத் தாண்டித் திரும்பி அவனைப் பார்த்துத் தொப்பையைத் தட்டிக்காட்டினார், போட்டோ புடிக்கப் போறேன் என்றார். வாயில் நுரை இருந்தது. துப்ப இரண்டு விநாடி ஆகியிருக்கும். ஸ்கூட்டர் தெரு திரும்ப நாலு விநாடி. இரண்டு விநாடி மிச்சம் இருந்தது, அந்த இரண்டு விநாடியில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்துப் பார்த்தால், ஸ்கூட்டரின் சத்தத்தை மூக்குக்குள் செய்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று சட்டை எடுத்தால் ஒரு கிலோ குறையும். தூரப்பார்வைக் கண்ணாடி முக்கால் கிலோ. பொடி முடிச்சுகள் இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ, இப்போது மூன்றாவது முடிச்சு கீழே வறுபட்டுக்கொண்டிருக்கிறது. பெரியப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் படித்தது அவன்தான். ஸ்கேன் எடுத்த இடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், கோயமுத்தூர் போனார்கள், நாலு தாளைக் கொண்டுவந்து அப்பா அவனிடம் கொடுத்து, சென்னையில் டாக்டராக இருக்கிற அத்தை மகளுக்குப் படம் எடுத்து அனுப்பு என்றார், வீட்டில் படம் பிடிப்பது, அனுப்புவது, பதிவிறக்குவது எல்லாம் அவன் வேலை. அரை மணி நேரத்தில் அவன் போனுக்கே பதில் வந்தது. கணையத்தில் இருக்கு, ஈரலுக்கும் போயிருச்சு, ஆபரேஷன் கட்டம் தாண்டியாச்சு, ஆறு மாசம், கூடினா. ஒரு மாசம் முன்னாடி பார்த்திருந்தாலும் இதேதான், யாரும் மனசைப் போட்டு உழப்பிக்க வேண்டாம். அந்தக் கடைசி வரியை ஆறுதலுக்காக எழுதியிருந்தாள். மிதுனுக்கு அதுதான் முள். ஒரு மாசம் முன்னாடியும் இதேதான் என்றால் ஒரு மாசம் பின்னாடியும் இதேதான். அந்தப் போன் இல்லாமல் இருந்திருந்தால் பெரியப்பா தொப்பையோடும் தொப்பியோடும் போய், ஏழு பேர் ஜீப்பில் முன் சீட்டைச் சண்டை போட்டு வாங்கி, சிங்கத்தைப் பார்த்து, வேட்டி கட்டித் தூங்கி, வந்து ஊரெல்லாம் கதையளந்து, அப்புறம் படுத்திருப்பார். படுக்கிறது எப்படியும் படுக்கிறதுதான். அவன் எடுத்தது நடுவில் இருந்ததை மட்டும். எடுத்து, தானே வைத்துக்கொண்டான், ஏனென்றால் ஏழாவது சீட்டு அவனுக்கு வந்தது, திங்கட்கிழமை வரதராஜன் சார் பெரியப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அவன் பேரில் போடுவார். கார் ஷெட்டில் அப்பா, பெரியம்மா, அவன், மூன்று பேரும் நின்று முடிவு செய்தார்கள், அவருக்குத் தெரிய வேண்டாம். அப்பா பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு மேலே போய், பித்தப்பையில கல்லு அண்ணா, அதான் காமாலை, இப்போ பிரயாணம் ஆகாதாம், அடுத்த வருஷம் போய்க்கலாம் என்றார். பெரியப்பா இரண்டு நாள் சண்டை போட்டார். பெரியம்மா அழுதாள், கல்லுக்கு அழுகிற அளவுக்கு அழ வேண்டும், அதற்கு மேல் அழக் கூடாது, அந்தக் கணக்கு அவளுக்குக் கைகூடவில்லை, குளியலறைக்குள் போய் மிச்சத்தை அழுதாள். தினமும் விடிகாலையில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். அவள் சாமி அறையில் கற்பூரம் காட்டும்போது வரதராஜன் சார் பேரையும் சேர்த்துச் சொன்னாள், அந்தப் புண்ணியவான் கேக்கலீன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது என்று, அவருடைய நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கச் சொன்னாள், மிதுன் ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சொன்னான். தன் நட்சத்திரத்தைத்தான் சொல்லிவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் யார் ஏறினாலும் அவனுக்குத் தெரியும், பெரியப்பாவின் ஏற்றம் குதிகால் அழுந்த இரண்டிரண்டு படியாக வரும், அதை அவன் மேஜைமேல் விரல் முட்டியால் தட்டிக் காட்டினால் பெரியம்மா சமையலறையிலிருந்து காபி எடுத்து வருவாள். இப்போது வருவது வேறு. ஒரு படி, நிற்கும். கைப்பிடியில் மோதிரம் உரசும். மூச்சு. இன்னொரு படி. அதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தான், சட்டைகளை எண்ணினான், ஒன்று, இரண்டு, தராசு மாதிரி கீச்சிட்டுப் பார்த்தான், பிரயோஜனமில்லை, தொண்டைக்குள் அது பதிந்துகொண்டே வந்தது, படி, மோதிரம், மூச்சு, இனி எப்போது கூப்பிட்டாலும் வரும். பெரியப்பா போன பிறகும் வரும். இந்த நினைப்பு வந்ததும் கையில் இருந்த குரங்குக் குல்லாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான். உள்ளே வந்த பெரியப்பா நாச்சிமுத்து அவனைப் பார்த்து, அங்க போயும் இப்படியே நின்னீன்னா கொரங்கெல்லாம் ஒறவு கொண்டாடிக்கிட்டு வந்துரும் சாமி என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை தோளில் நிற்காமல் ஹேங்கரில் தொங்குகிற மாதிரி தொங்கியது, தொப்பை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது, கட்டிலில் கிடந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டைக்கும் அதற்கும் ஒரே நிறம். மிதுன் அட்டையை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

எவ்வளவு காட்டுது என்று கேட்டார். பதினாறு முன்னூறுங்க பெரியப்பா. இதுக்கெதுக்குடா தராசு, கையில தூக்கிப் பாத்தாத் தெரியாதா என்றார், ஆனால் தூக்கவில்லை. நாற்பது வருஷம் தீவன மில் நடத்திய கை. மூட்டையை ஓர் இடுப்பு அசைவில் தூக்கி இறக்கிவிட்டு, நாப்பத்தொம்பது எண்ணூறு, இருநூறு கிராம் கொறையுது, எவன் அள்ளுனது என்று கேட்கிற கை, தராசில் போட்டால் அதேதான் இருக்கும், மிதுன் சின்னப் பையனாக இருந்தபோது அவனையும் அப்படித்தான் வருஷா வருஷம் பிறந்தநாளன்று தூக்கி எடை சொல்வார். பெரியப்பா ஒவ்வொன்றாக விசாரித்தார். கண்ணாடியை எடுக்காதே, அத உட்டுட்டுப் போனா அங்க போயி மத்தவன் கண்ணாடிக்கு வரிசையில நிக்கோணும். எள்ளுப்பொடி ஒண்ணு போதும், கொள்ளு வேண்டாம், கொள்ளு தின்னுட்டு ஜீப்புல ஏழு பேரு உக்கார முடியாது. மிதுன் சிரித்தான். சிரிப்பு நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிற்று. பெரியப்பா அது நிற்கும்வரை ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வரதராஜன் மாதிரி ஒருவாட்டி பேசிக் காட்டு என்றார்.

மிதுன் கையில் அகப்பட்ட சட்டையை எடுத்து மடித்தான். எந்த வரதராஜனுங்க என்றான், முட்டாள்தனமாக. பெரியப்பா சாவகாசமாகச் சொன்னார், ஸ்கேன் எடுத்த வாரமே அந்த ஆளுக்குப் போன் பண்ணிச் சர்டிபிகேட்டு அனுப்பட்டுங்களா என்று கேட்டிருக்கிறார், நான் கேக்கவே இல்லியே சார் என்றாராம் அவர். யாருன்னு கண்டுபுடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்னு நெனைக்கறே, மாடியில துண்டு ஆடுனது எனக்குத் தெரியாமயா போச்சு. கோபம் எதுவும் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி மாதிரி இருந்திருக்கும். ஏழு வாரமாக அவன் வாய்க்குள் வைத்திருந்த மன்னிப்பு, எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தது, இப்போது வெளியே வரப் பார்த்தது, வந்தால் யார் மாதிரி வருமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டான். பெரியப்பா அதைக் கவனித்த மாதிரி இல்லை. மூக்கு உறிஞ்சறது மட்டும் கொஞ்சம் சாஸ்தி, மத்தபடி அசல் என்றார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த சிம்மு இன்னும் வெச்சிருக்கறயா என்று கேட்டார்.

விஷயம் இதுதான்: டிக்கெட் திங்கட்கிழமை வரை அவர் பேரில்தான் இருக்கிறது. கல்லு கெடக்குது வயித்துல, அது பாட்டுக்குக் கெடக்கட்டும், கல்லோட எத்தனை பேரு உலகத்தையே சுத்தறான். தடுக்கிறது பெரியம்மா ஒருத்தி, டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டாள், தம்பி சொன்னாலும் கேட்க மாட்டாள், ஆனால் வரதராஜன் சார் சொன்னால் சாமி சொன்ன மாதிரி. கூடாரத்துலயே டாக்டர் இருக்காரு மேடம், கல்லுக்காரங்க மாசம் நாலு பேரு வர்றாங்க, ஒன்பது நாளு, நான் பாத்துக்கறேன். இவ்வளவு சொன்னால் போதும். "நீயுந்தான் போலாமுன்னு இருந்தே. தெரியும். ஆனா உனக்கு இன்னும் அறுபது வருசம் இருக்குது, அந்தச் சிங்கமெல்லாம் எங்கயும் போயிராது." சொல்லிவிட்டுப் பெரியப்பா கட்டில்மேல் கிடந்த தொப்பியை எடுத்து அதன் கயிற்றைச் சுற்றினார், பிரித்தார். அவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டும் தோன்றியது. கொடுத்துவிடலாம், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், பெரியப்பா ஜீப்பில் முன் சீட்டில் உட்காருவார். அங்கேயே விழுந்துவிட்டால், அதுவும் தோன்றியது, அந்தப் புல்வெளியில், ஏழு பேருக்கு நடுவில், காமாலைக் கண்ணோடு. அத்தை மகள் எழுதிய வரிகள் அவன் போனுக்குள் இன்னும் இருந்தன, அதே மேஜை இழுப்பறைக்குள், பழைய போனுக்குப் பக்கத்தில். இழுப்பறையைத் திறந்து பழைய போனை எடுத்து, பெரியம்மாவின் நம்பரைப் போட்டான்.

மணி போனில் அடித்தது, கீழேயும் அடித்தது. பெரியப்பா குனிந்து, தானே விரலை நீட்டி ஸ்பீக்கரைத் தட்டினார். கீழே கரண்டி நின்றது. பெரியம்மாவின் ஹலோ முதலில் போனிலிருந்தும் அப்புறம் படிக்கட்டு வழியாகவும் வந்து சேர்ந்தது. வணக்கம் மேடம், வரதராஜன். குரல் தானாக வந்துவிட்டது, எண்ணெய் போட்ட கதவு மாதிரி, உறிஞ்சலைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான், பெரியப்பா தலையை ஆட்டினார், நல்லாருக்கு என்கிற மாதிரி. ஆக்சுவலா சார் விஷயமாத்தான் மேடம். டாக்டர், கூடாரம், மாசம் நாலு பேர், ஒன்பது நாள், எல்லாவற்றையும் அடுக்கினான், இவ்வளவு நல்லவிதமாக அவன் யாரையும் செய்ததே இல்லை என்று ஒரு மூலையில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது, அதை அவன் ஆயுசுக்கும் மன்னிக்கப் போவதில்லை. முடித்தான். போனில் வாணலியின் சீறல் மட்டும் கேட்டது. அப்புறம் பெரியம்மா பேசினாள், வீட்டில் யாரிடமும் பேசாத ஒரு குரலில், அந்நியரிடம் மட்டும் பேசக்கூடிய குரல், இந்தக் குரல் பெரியம்மாவிடம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

"உங்ககிட்ட மறைக்கறது பாவமுங்க சார். நீங்க கேட்டதாலதான் ஸ்கேனே எடுத்தோம். அவருக்கு ரொம்ப ஆசைங்க, எனக்குத் தெரியாதுங்களா. அனுப்பிருவேனுங்க. ஆனா அங்க வந்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா எப்படிங்க சார் கொண்டாருவீங்க? அத்தனை தூரத்துல இருந்து... கல்லுக்காக நான் இதைக் கேக்கலீங்க சார். டாக்டரு என்ன சொன்னாங்கன்னா..."

"பெரியம்மா, நாந்தானுங்க."

அது யாருடைய குரல் என்று ஒரு விநாடி அவனுக்கே தெரியவில்லை. மெலிசாக, நடுவில் உடைந்து, அழுக்கு எதுவும் ஒட்டாமல் இருந்தது. வாணலி சீறிக்கொண்டே இருந்தது. மிதுனா என்றாள் பெரியம்மா. அவள் மூச்சு போனில் ஏறி இறங்கியது. திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டு, "பெரியப்பா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள்.

மிதுன் நிமிர்ந்து பார்த்தான். பெரியப்பா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை, தொப்பியின் கயிறு மட்டும் விரலில் இறுகிச் சுற்றி, விரல் நுனி வெளுத்திருந்தது. மெதுவாக, மிக மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தார். இல்லையென்று சொல்லு. மிதுன் வாயைத் திறந்தான், திறந்ததும் பல்லிடுக்கில் ஸ்ஸ் என்று காற்று உள்ளே போயிற்று, அப்பாவின் காற்று, கூப்பிடாமல் வந்தது. இல்லீங்க பெரியம்மா, தூங்கறாங்க என்றான். சரி என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். கீழே கரண்டி மறுபடி உரச ஆரம்பித்தது, இடைவெளி விட்டு, யாரோ புதிதாகச் சமைக்கக் கற்றுக்கொள்கிற மாதிரி. பருப்பு தீய்ந்த வாசனை மேலே வந்தது.

ஸ்பீக்கரை அவர்தான் தட்டினார் என்பது மிதுனுக்கு அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. காதில் வைத்துப் பேசு என்று சொல்லியிருக்கலாமே. சிங்கம் பார்ப்பதற்காகத்தான் இந்தப் போனா, இல்லை வெளியாள் ஒருத்தரிடம் பெரியம்மா என்ன சொல்வாள் என்று கேட்பதற்கா. படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தது எதற்கு. கேட்க முடியாது. கேட்டால் அதற்கு அவர் ஏதாவது ஒரு குரலில் பதில் சொல்வார், அந்தக் குரல் உள்ளே தங்கிவிடும். பெரியப்பா தொப்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பையை இழுத்து, நான்கு காக்கிச் சட்டைகளையும் வெளியே எடுத்தார், வேட்டி இரண்டையும் எடுத்தார், குல்லாயை அவன் தலையிலிருந்து உருவி உள்ளே வைத்தார், அங்க விடியால குளுருமாம் என்றார். மிதுனின் பனியன்களைச் சுருட்டி ஓரங்களில் செருகினார், கண்ணாடியை நடுவில் வைத்து, அதைச் சுற்றி அவனுடைய துண்டைக் கட்டினார், தீவன மூட்டையில் மூலை விடாமல் அடைக்கிற மாதிரி. "கேட்டது நமக்குள்ள இருக்கட்டும். அவகிட்ட எனக்குக் கல்லுதான், செரியா?" மிதுன் தலையாட்டினான். ஜிப்பை இழுத்துக்கொண்டே, இன்னொன்றும் சொன்னார். சிங்கம் எப்படிக் கத்துதுன்னு நல்லாக் கேட்டுக்கிட்டு வா. டிவியில வர்ற மாதிரி வேண்டாம். உள்ளது உள்ளபடி. வந்ததும் எனக்குக் காட்டோணும். பத்து நாள், அதோடு ஒன்பது நாள் என்று மிதுன் கூட்டினான், கூட்டுவதை நிறுத்த முடியவில்லை, பத்தொன்பது, பத்தொன்பது என்று தராசு மாதிரி உள்ளே கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

பெரியப்பா எழுந்து நின்றார். கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, பையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்து, அந்தப் பழைய இடுப்பு அசைவோடு தூக்கினார். தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. கழுத்தில் நரம்பு புடைத்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் இரண்டு எண்ணும் நேரம் நிறுத்தி, இறக்கினார். பதினஞ்சு, சுத்தமா இருக்குது, போட்டோ புடி என்றார். மிதுன் கொக்கியை மாட்டித் தூக்கினான். பை லேசாகத்தான் வந்தது. தராசு இரண்டு தடவை கீச்சிட்டது. பதிமூன்று நானூறு.

எத்தனை காட்டுது என்று பெரியப்பா கேட்டார், மூக்குக்கண்ணாடி போடாத மஞ்சள் கண்களைச் சுருக்கிக்கொண்டு. மிதுன் எண் தன் பக்கம் இருக்கும்படி தராசைத் திருப்பினான். அப்பாவின் காற்று பல்லிடுக்குவரை வந்தது, அதை உள்ளே விடாமல் பற்களை இறுக்கினான், எந்த ஆளையும் கூப்பிடாமல், அந்த மெலிசான உடைந்த குரலிலேயே சொன்னான்.

"பதினஞ்சேதானுங்க பெரியப்பா."